தீட்டு யார் பக்கம்?

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையைச் சுற்றியுள்ள எல்லைக் கிராமங்களிலும் பிள்ளை பிறந்த வீடு என்றால், இந்துக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் சில நாட்களுக்குக் கோயில் பக்கம் போகமாட்டார்கள். நாள்கணக்கு சாதிக்குச் சாதி மாறும். சிலருக்குப் பத்து, சிலருக்குப் பதினாறு. தீட்டுக் கழித்து, வீடு கழுவி, 28ஆம் நாள் பிள்ளையின் அரையில் கறுப்புக் கயிறு கட்டும்போது உறவுக்கூட்டம் வந்து நிறையும். தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்கும் ஊர்கள் இவை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு, நெய்யாற்றின்கரை கேரளத்துக்கு என்று நடுவில் ஒரு கோடு விழுந்தது. பேற்றுத் தீட்டு மட்டும் கோட்டின் இரு பக்கமும் தங்கிவிட்டது.

இந்த வழக்கத்துக்கு ஒரு திசை உண்டு. அசுத்தம் தாயிடமும் சேயிடமும் தொடங்கி மற்றவர்களைப் பற்றும் என்பது அதன் கணக்கு. எனவே மற்றவர்கள் விலகி நிற்கிறார்கள். குளித்துத் தூய்மைப்பட வேண்டியவள் தாய். ஆனால் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட ஒரு கிலோ எடைக் குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றி, வடக்கே திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்கோ தெற்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோகும்போது அந்தத் திசை அப்படியே திரும்பிவிடுகிறது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே தீட்டோடு நிற்பவர்கள் மற்றவர்கள்தான். அப்பா, பாட்டி, டாக்டர், நர்ஸ், எக்ஸ்ரே எடுக்க வருபவர், தரை துடைப்பவர் என்று உள்ளே நீளும் ஒவ்வொரு கையும் சந்தேகத்துக்குரியது.

குழந்தை அவ்வளவு பலவீனமாக இருப்பதற்குக் காரணம் தெளிவானது. தாயின் நோயெதிர்ப்புப் புரதங்கள் நச்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்குப் போவது பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில். 28 வாரத்தில் பிறந்ததற்கு அந்தச் சீதனம் வந்துசேர்ந்திருக்காது. தோலும் முற்றியிருக்காது. உறிஞ்சிக் குடிக்கும் திறன் வராமல், குடலும் முதிராமல் இருப்பதால் தொடக்க நாட்களில் சர்க்கரை, உப்பு, புரதம், கொழுப்பு, மருந்து பெரும்பாலும் இரத்தக்குழாய் வழியாகத்தான் போகவேண்டும். தொப்புளில் செருகிய குழாய் சிலருக்கு. கையில் நுழைந்து இதயத்தருகே போய் நிற்கும் நீண்ட மெல்லிய குழாய் சிலருக்கு. புறங்கையில் மஞ்சள் நிறக் கானுலா பலருக்கு. ஊரில் இவை எல்லாவற்றுக்கும் ‘டிரிப் போட்டிருக்கு’ என்ற ஒரே பேச்சுதான். வார்டில் ‘லைன்’ என்பார்கள்.

உயிரைக் காக்கும் இந்த லைனே கிருமிக்கும் வழிவிடுகிறது. சிரிஞ்சைப் பொருத்தும் குழாயின் வாயை ‘ஹப்’ என்கிறார்கள். அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் கையைச் சுத்தம் செய்து, பிறகு ஸ்பிரிட் பஞ்சால் சுமார் 15 வினாடி அழுத்தித் தேய்த்து, காயவும் விடவேண்டும். ஈரம் உலர்வதற்குள் சிரிஞ்சைச் செருகினால் தேய்த்ததில் பாதி வீண். கொழுப்புக் கரைசல் போகும் குழாய்களை 24 மணி நேரத்துக்குள் மாற்றவேண்டும். குழந்தைக்கு உணவாகும் அந்தக் கரைசல் கிருமிக்கும் நல்ல உணவு. தொப்புள் தமனியில் இட்ட குழாய் ஐந்து நாளையும், சிரையில் இட்டது 14 நாளையும் தாண்டவேண்டாம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2011 வழிகாட்டி. இவை அனைத்துக்கும் மேலாக, தினமும் காலையில் ஒரு கேள்வியைக் கேட்கவேண்டும்: இந்த லைன் இன்றைக்கும் தேவையா? எடுத்துவிட்ட லைனில் தொற்று வராது.

டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 13,530 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில், நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு இரத்தத் தொற்று ஏற்பட்டிருந்தது. மூன்றில் இரண்டு பங்குத் தொற்று பிறந்த 72 மணி நேரத்துக்குள் வந்தது. பிடிபட்ட கிருமிகளில் முன்னணியில் இருந்தவை அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா. இரண்டுமே மருத்துவமனைகளில் தங்கி, மருந்துகளுக்குப் பழகிப்போனவை. கேரளத்தின் சிசு மரண விகிதம் 2023 கணக்கெடுப்பின்படி ஆயிரத்துக்கு 5, இந்தியாவுக்கு 25. எண்ணிக்கை இவ்வளவு குறைந்த இடத்தில் மிஞ்சி நிற்கும் மரணங்களில் மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளின் பங்கு பெரிது. அவர்களைப் பொறுத்தவரை, ஆன்டிபயாட்டிக் கேட்காத கிருமி உள்ளே நுழைந்தபின் போராடுவதைவிட வாசலில் நிறுத்துவதுதான் நடக்கக்கூடிய காரியம்.

மருத்துவப் பாடமாக மட்டும் பார்த்தால் விஷயம் இவ்வளவுதான். சோப்பும் ஸ்பிரிட்டும் கோடிக்கணக்கில் செலவு வைப்பவை அல்ல. தேய்க்கத் தெரியாதவர்களும் யாருமில்லை. இருந்தும் உலகம் முழுக்க நன்றாகப் படித்தவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். ஏன் என்று தோண்டினால் மதங்கள் நெடுங்காலமாக மல்லுக்கட்டும் ஒரு கேள்வியில் போய் நிற்கவேண்டியிருக்கிறது. தூய்மை என்பது ஒருவரிடம் இருக்கும் தன்மையா, அவர் அந்தந்த நேரத்தில் செய்யும் செயலா?

தன்மைதான் என்று நம்பியவர்களில் பிலடெல்பியாவின் புகழ்பெற்ற பிரசவ மருத்துவர் சார்லஸ் மெய்க்ஸ் ஒருவர். பிள்ளை பெற்ற பெண்களைக் கொன்ற காய்ச்சல் டாக்டர்களின் கை வழியாகப் பரவுகிறது என்று ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1843இல் எழுதியபோது மெய்க்ஸ் அதை ஏற்கவில்லை. டாக்டர்கள் கனவான்கள், கனவான்களின் கைகள் சுத்தமானவை என்பது அவர் வாதம். அந்த மரணங்களைத் தற்செயல் என்றோ தெய்வச் செயல் என்றோதான் கொள்வேன் என்றும் எழுதினார். வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் வேலை பார்த்த மருத்துவமனையில் பிரசவப் பிரிவுகள் இரண்டு. டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த முதல் பிரிவில் 1846இல் நூற்றுக்கு 11 தாய்மாருக்கு மேல் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த இரண்டாம் பிரிவில் மூன்றுக்கும் குறைவு. பிணப் பரிசோதனை மேசையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்தவர்கள் டாக்டர்கள்தான். படிப்பிலும் அந்தஸ்திலும் உயர்ந்த கை, அந்த இடத்தில் அதிக அழுக்கான கை. 1847 மே மாதம் குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவவைத்தார் செம்மல்வைஸ். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த மரணம் ஜூனில் சுமார் இரண்டுக்கு இறங்கியது.

இதைப் படிக்கும் பழைய திருவிதாங்கூர்க்காரருக்கு மெய்க்ஸ் அந்நியராகத் தெரியமாட்டார். பிறப்பால் தூய்மை, பிறப்பால் தீட்டு என்ற கணக்கு மிக நுணுக்கமாக நடைமுறையில் இருந்த நாடு அது. இன்ன சாதிக்காரர் இன்ன சாதிக்காரரிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்று தூரமே அளந்து வைத்திருந்தார்கள். குளித்துவிட்டு வந்தவரானாலும் தள்ளித்தான் நிற்கவேண்டும். பிறப்பின் தீட்டை எந்தத் தண்ணீரும் கழுவாத ஏற்பாடு.

அதே மண்ணில்தான் மறுப்பும் எழுந்தது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டரைப் பின்பற்றிய 700 குடும்பங்கள் கன்னியாகுமரிக்கருகே வாகைப்பதியில் ‘துவையல் தவசு’ இருந்ததாக அய்யாவழி மரபு சொல்கிறது. நாளுக்கு மூன்று முறை குளிப்பது, உடுத்தியதைத் துவைப்பது, எளிய உணவை அளவாக உண்பது, இதுதான் அந்தத் தவம். எந்தச் சடங்கு செய்தாலும் தீட்டு நீங்காது என்று ஒதுக்கப்பட்டவர்கள், தூய்மையைத் தினசரி வேலையாக எடுத்துச் செய்தார்கள். 1888 சிவராத்திரியில் நெய்யாற்றின்கரைக்கருகே அருவிப்புரத்தில் ஸ்ரீ நாராயண குரு நெய்யாற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். பிறப்பால் அந்த உரிமை அவருக்கு இல்லை என்று கருதப்பட்ட காலம். கோயில் நுழைவுப் பிரகடனம் வர 1936 நவம்பர் 12 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. பிறப்புத் தூய்மையைத் தூக்கி எறிந்த இந்தக் குருதான் செயல் தூய்மையில் கண்டிப்பாக இருந்தார் என்பதை மறந்துவிடக்கூடாது. 1928இல் கோட்டயம் நாகம்படத்தில் சிவகிரி யாத்திரைக்கு விதி சொன்னபோது உடல், உணவு, மனம், சொல், செயல் என ஐந்து சுத்தியைக் கட்டளையாக வைத்தார். யாத்திரையின் எட்டு நோக்கங்களில் சுகாதாரமும் ஒன்று.

இவர்கள் கிருமியியலை முன்கூட்டிக் கண்டார்கள் என்று பெருமை பேசத் தேவையில்லை. வைகுண்டர் காலத்தில் அது பிறக்கவே இல்லை. இவர்கள் செய்தது வேறு: தூய்மையை ஆளிடமிருந்து பிரித்து வேலையோடு சேர்த்துவைத்தார்கள். முஸ்லிம்கள் தொழுகைக்கு முன் செய்யும் ஒளுவிலும் அந்த நுட்பம் இருக்கிறது. ஒளு முறியும், முறிந்தால் மறுபடி செய்யவேண்டும். காலையில் செய்தது மாலைக்கு உதவும் என்ற உறுதி கிடையாது. ஹப்பைத் தேய்த்த கையும் அப்படித்தான். தேய்த்த நர்ஸ் திரும்பி, குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மரின் பொத்தானைத் தொட்ட கணத்தில் அது முறிந்துவிடுகிறது. இருபது ஆண்டு அனுபவமும் தங்கப்பதக்கமும் அந்தக் கணத்தை ஒரு வினாடிகூட நீட்டாது.

இங்கே ஒரு எதிர்வாதம் எழும். பாறசாலையில் கோயிலுக்கு அடுத்தபடி கண்ணில் படுவது தேவாலயம். அங்கே வாசிக்கப்படும் மாற்கு சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தில், கை கழுவாமல் சாப்பிட்ட சீடர்களுக்காக இயேசு வாதாடுகிறார். மனிதனைத் தீட்டுப்படுத்துவது உள்ளத்திலிருந்து புறப்படுவதே என்கிறார். வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தில் புறத்தூய்மையை நீரிடமும் அகத்தூய்மையை வாய்மையிடமும் ஒப்படைத்தார். அப்படியானால் புறத்தைக் கழுவுவது இரண்டாம்தர வேலைதானா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு மூன்று மணிக்கு இந்தப் பிரிவினை நிலைப்பதில்லை. அன்பு நிறைந்த உள்ளம் ஹப்பில் இருக்கும் பாக்டீரியாவை எதுவும் செய்யாது. அந்த அளவில் புறம் புறம்தான். ஆனால் அந்த 15 வினாடியை எண்ணுவதற்கு அங்கே யாருமில்லை. ஐந்து வினாடி தேய்த்துவிட்டுப் படிவத்தில் ‘செய்யப்பட்டது’ என்று டிக் போட்டால் கண்டுபிடிக்க முடியாது. கனடாவின் டொராண்டோவில் ஒரு மருத்துவமனை ஆய்வு 2014இல் வெளியானது. கண்காணிப்பாளர் கண்ணில் படும் நேரத்தில் கை சுத்தம் செய்யும் திரவத்தின் பயன்பாடு ஏறக்குறைய மூன்று மடங்கானதை மின்னணுக் கருவிகள் காட்டிக்கொடுத்தன. அந்த ஊழியர்கள் மோசமானவர்கள் அல்ல. யாராவது பார்த்தால் ஒழுங்காகச் செய்யும் சாதாரண மனிதர்கள். புறத்தூய்மைக்கு நீர் போதும் என்ற வள்ளுவர் கணக்கு இந்த அறையில் சற்று விரிகிறது. இங்கே புறத்தூய்மைக்கும் வாய்மை வேண்டியிருக்கிறது. பொய் டிக் அடித்த படிவம் ஒரு குழந்தையின் இரத்தத்துக்குள் போகிறது. சீடர்களுக்காக இயேசு வாதாடியதும் சடங்காகிப்போன கழுவலுக்கு எதிராகத்தான். டிக்குக்காகச் செய்யும் தேய்ப்பு அந்தச் சடங்கின் இன்றைய வடிவம்.

கழுவுவதில் மிகையும் உண்டு. மடி ஆசாரம் பார்க்கிறவர்கள் வீட்டில் இருந்தால் இதன் சுவை தெரியும். குளோர்ஹெக்ஸிடின் பெரியவர்களின் தோலுக்கு அருமையான கிருமிநாசினி. மிகவும் முன்னதாகப் பிறந்த குழந்தையின் தோலில் அது தேங்கினால் தீப்புண் போலாகிவிடுகிறது. பிரிட்டன் மருந்து ஒழுங்காற்று அமைப்பு 2014இல் இதை எச்சரித்தது. அயோடின் கரைசல் தோல் வழியே உள்ளே போய்த் தைராய்டைக் குலைக்கும். எவ்வளவு, எங்கே, எந்த வாரத்துக் குழந்தைக்கு என்று பார்க்காத சுத்தம் தானே காயமாகிவிடும்.

தாயை விலக்கிவைத்ததும் மிகைதான். கிருமிக்குப் பயந்து தாயைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துவது மருத்துவமனைகளின் நெடுநாள் வழக்கம். வீட்டில் தீட்டு என்று ஒதுக்கியவளை ஆஸ்பத்திரியில் தொற்று என்று ஒதுக்கினார்கள். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயின் மார்போடு சேர்த்து வைத்த பிரிவில் மரணம் நூற்றுக்கு 12.0, நிலைப்படும்வரை காத்திருந்த பிரிவில் 15.7. இரத்தத் தொற்றும் குறைந்திருந்தது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை அதில் பங்கெடுத்தது. இதற்காகத் தாய்மார் இரவும் பகலும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தங்கினார்கள்.

லைன் விஷயத்தில் மாற்றம் எப்படி வந்தது என்பதற்கு மிச்சிகன் மாநிலம் பெரிய உதாரணம். பெரியவர்களுக்கான நூற்றுச் சொச்சம் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2003இல் பீட்டர் புரொனோவோஸ்ட் குழு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கை கழுவுதல், முழு உறை, குளோர்ஹெக்ஸிடின், தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற லைனை எடுத்தல் என ஐந்து செயல்கள்தான். மூன்றே மாதத்தில் தொற்றின் இடைநிலை அளவு 1,000 குழாய்-நாட்களுக்கு 2.7இலிருந்து பூஜ்யத்துக்கு வந்தது. பட்டியலைவிட முக்கியமானது அதோடு வந்த அதிகாரம். டாக்டர் ஒரு படியைத் தாண்டினால் நர்ஸ் நிறுத்தலாம். நம் ஊர் மருத்துவமனையில் பணிக்கு வந்து ஆறு மாதமான பெண், துறைத் தலைவரிடம் ‘சார், கை கழுவலையே’ என்று சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். கல்லை எடுத்து நிறுத்த உரிமை யாருக்கு என்று அருவிப்புரத்தில் கேட்டதற்கு இணையான கேள்வி இது. எல்லைக் கிராமங்களிலிருந்து வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் போன நர்ஸுகள் பலர் இப்படி நிறுத்தும் வார்டுகளில் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு வாய் இல்லாமல் இல்லை. ஊரில் அந்த வாய்க்கு அனுமதி இல்லை.

குழந்தை இறந்தபின் வராந்தாவில் கேட்கும் சொற்கள் எல்லா மதத்திலும் ஏறக்குறைய ஒன்று. விதி என்பார் ஒருவர், கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்பார் ஒருவர், அல்லா கொடுத்த ஆயுள் அவ்வளவு என்பார் இன்னொருவர். தாய்க்கு அந்தச் சொல் தேவை. அதைப் பிடுங்க யாருக்கும் உரிமையில்லை. மருத்துவமனை அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாநிலத்தில் ஒரு மண்டல மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் கிளெப்சியெல்லா பரவியது. தேடிப்போனவர்கள் சிரை வழியே செலுத்திய குளுக்கோஸ் கரைசலில் போய் நின்றார்கள்; 2005இல் அந்த ஆய்வு வெளியானது. ஊழ்வினை என்று விட்டிருந்தால் அந்தக் கரைசலை யாரும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கமாட்டார்கள்.

மெய்க்ஸும் செம்மல்வைஸும் இருவருமே கடவுளை இழுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. மெய்க்ஸுக்குக் கடவுள், மேற்கொண்டு விசாரிக்காமல் இருக்க ஒரு காரணம். செம்மல்வைஸ் தன் நூலில், தன் கையால் காலத்துக்கு முன்பே கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர் என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்ற பொருள்பட எழுதினார். அது சாட்சிக்கு அழைத்த கடவுள். தெரியாமல் செய்தது பாவமா என்று சமய நூல்கள் விவாதித்துக்கொண்டே இருக்கலாம். செம்மல்வைஸ் அந்தக் கேள்விக்குள் ஒளிந்துகொள்ளவில்லை. தெரிந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

ஆனால் எல்லாவற்றையும் நர்ஸின் மனச்சாட்சியில் கொண்டுபோய்க் கட்டுவதும் நியாயமில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு குழந்தைகள், எட்டு மணி நேரப் பணி, ஒவ்வொரு லைனையும் ஆறு முறை திறக்கவேண்டும் என்று வையுங்கள். கைக்குத் திரவம் 20 முதல் 30 வினாடி, ஹப்புக்கு 15, காய இன்னொரு 15. முறைக்கு ஒரு நிமிடம் என்றால் 24 நிமிடம், செய்யமுடிந்த வேலை. மூன்று நான்கு குழந்தைகளுக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் மாவட்ட அளவிலான பிரிவுகளுக்கு மத்திய அரசின் வழிகாட்டி சொல்வதும். விடுப்பு, காலியிடம், திடீர் வரவு எல்லாம் சேர்ந்து அதே கையில் எட்டுக் குழந்தைகள் வந்தால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தேய்ப்பதற்கே போய்விடும். மானிட்டர் அலறும், குழந்தை அழும், டாக்டர் கூப்பிடுவார், வெளியே உறவினர் கதவைத் தட்டுவார். குறைத்தாலும் சத்தம் போடாத வேலை ஹப்பைத் தேய்ப்பது ஒன்றுதான், குறைவதும் அதுதான். கை கழுவச் சொல்லும் போஸ்டரை ஒட்ட ஏணி தேடுகிறவர்கள், அதற்கு முன் அந்த மாதத்து இரவுப் பணிப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.